கணக்கில் வராத ஊழியர்

கொழும்பு வெள்ளவத்தையில் சாறிச் சட்டை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கும் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். கொட்டாஞ்சேனையில் இரண்டாவது கடை திறக்க வங்கிக் கடன் எடுக்கப் போகிறார், அதற்குக் கணக்குகளை ஒழுங்குபடுத்தித் தர வேண்டும். (அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆறு ஊழியர்கள். ஊழியர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு அவர்களுடைய சம்பளத்தில் 8 வீதம், கடையின் பங்காக 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் என எல்லாவற்றையும் ஒரு மாதமும் பிந்தாமல் கட்டியிருந்தார். இத்தனை ஒழுங்கான பதிவேடுகள் என் மேசைக்கு அடிக்கடி வருவதில்லை.

"உங்கள் சம்பளம் எங்கே?" என்று கேட்டேன்.

"எனக்கு எதற்கு அக்கா சம்பளம்? கடையே என்னுடையதுதானே."

கணக்காளராக இருந்த இத்தனை வருடங்களில் இந்தப் பதிலைப் பல பெண்களிடம் கேட்டுவிட்டேன். என்னிடம் வரும் ஆண்களில் அநேகர் மாதம் பிறந்ததும் வீட்டுக்கென்று ஒரு தொகையை எடுத்துவிடுகிறார்கள். பெண்களோ எல்லாருக்கும் கொடுத்த பிறகு மிஞ்சினால் எடுக்கிறார்கள்.

அன்று ஒரு தாளில் அவருடைய நேரத்தை எழுதினோம். காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்கிறார். இரவு வீட்டில் துணி வெட்டுகிறார். பதினொரு மணிக்கு மேல் ரொறன்ரோவிலிருந்து மணப்பெண்கள் அழைத்து அளவு சொல்கிறார்கள், அங்கே அப்போது மதியம். நாளுக்கு 14 மணி நேரம், மாதத்தில் 28 நாள் என்றால் 392 மணி நேரம். மாத இலாபம் ஏறத்தாழ 150,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 383 ரூபாய்கூட வரவில்லை. அவரிடம் வேலை செய்யும் மூத்த தையல்காரருக்கு 195 மணி நேரத்துக்கு 90,000 ரூபாய், அதாவது மணிக்கு 460 ரூபாய்க்கு மேல். தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை, காரியாலய ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேர வேலை, ஆண்டுக்கு 14 நாள் விடுமுறை, பிரசவத்துக்கு 84 வேலை நாள் விடுப்பு என்று வகுத்திருக்கிறது. அதையெல்லாம் தன் ஊழியர்களுக்கு மனமுவந்து கொடுப்பவர் அவர். முதலாளியின் ஓய்வைப் பற்றி எந்தச் சட்டமும் கேட்பதில்லை. "தீபாவளி முடியட்டும், ஓய்வெடுப்பேன்" என்பார். தீபாவளி முடிந்தால் தைப்பொங்கல், தை மாதத் திருமணங்கள், சித்திரைப் புத்தாண்டு, ஆடிவேல், மறுபடி ஆவணித் திருமணங்கள். கழுத்து வலிக்கு அவர் வைத்தியரிடம் போகவில்லை என்பதும் அப்போதுதான் தெரியவந்தது.

உறவினர்கள் "இருக்கிற கடை போதாதா?" என்கிறார்களாம். அந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. ஆசைப்படுவது அவருடைய உரிமை, அதற்கான திறமையும் அவரிடம் இருக்கிறது. ஆனால் முதல் கடை இலாபத்தில் ஓடுவதே அவருடைய கூலியில்லாத உழைப்பினால்தான். கொட்டாஞ்சேனைக் கடையில் அவருடைய இடத்தில் வேறொருவரை நிறுத்த வேண்டும், அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு இன்றைய தையல் கூலியில் சேரவே இல்லை. அப்படியே கடன் எடுத்திருந்தால் இரண்டு கடைகளையும் அவருடைய தூக்கம்தான் தாங்கியிருக்கும்.

அதனால் கடனை ஆறு மாதம் தள்ளி வைக்கச் சொன்னேன். முதலில் தனக்கொரு சம்பளத்தை நிர்ணயித்து, அதையும் செலவாக வைத்துத் தையல் கூலியைக் கணக்கிடும்படி கேட்டேன். கம்பனியாகப் பதியாமல் தனி ஆளாகத் தொழில் நடத்தும் தனியுரிமையாளர் தமக்கு எடுக்கும் சம்பளத்தை வருமான வரிக்குச் செலவாகக் கழிக்க முடியாது. நான் சொல்வது அவர் தமக்காக வைத்திருக்க வேண்டிய கணக்கு. தொழில் வளர்ந்தால், 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டப்படி ஒரே பங்குதாரருடனேயே கம்பனி பதியலாம். அதில் வேலை செய்யும் பணிப்பாளராகச் சம்பளமும் சேமலாப நிதியும் அவருக்கும் கிடைக்கும். இதை அறியாத பெண்களை வாரந்தோறும் சந்திக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது.

கூலியைக் கூட்டியதும் சில வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். அது அவரை மிகவும் வருத்தியது, இரண்டு முறை அழைத்துப் பேசினார். வெளிநாட்டு அழைப்புகளை இப்போது சனிக்கிழமை மாலையில் மட்டும் எடுக்கிறார். மற்ற நாட்களில் அளவு எடுக்கும் முறையைக் காணொளியாக அனுப்பிவிடுகிறார்.

மூன்றாம் மாதம் நேரக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். தான் மறந்துபோவதால் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளே அதை எழுதுகிறாள் என்றார். மொத்தம் 290 மணி நேரம். இன்னும் அதிகம்தான். பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்துக்கு நேரே மணிக்கணக்கு எதுவும் இல்லை, "அம்மா, நான், கடற்கரை" என்று மட்டும் இருந்தது. ஐந்து நிமிட நடை தூரத்தில் இருக்கும் கடற்கரைக்கு இரண்டு வருடங்களுக்குப் பிறகு போனார்களாம்.