அந்த ஸ்டீல் கிட்டாரை வாசித்தது யார்?

நாட்டுப்புற இசையும் ஜாஸும் கலந்த அமெரிக்க நடன இசை வெஸ்டர்ன் ஸ்விங். 1930, 40களில் வந்த அதன் இசைத்தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் வட்டத்தாளில் குழுவின் பெயர் இருக்கும். பாடியவர் பெயரும் இருக்கலாம். ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. டெக்சஸ், ஒக்லஹோமா, கலிஃபோர்னியா நடனக் கூடங்களில் அத்தனை பேரை ஆட வைத்தவர்கள் பெயரில்லாமல் போவது எனக்குப் பெரிய வருத்தம். காதை நம்பித்தான் தேட வேண்டியிருக்கிறது.

பாப் வில்ஸ் குழு என்றால் கொஞ்சம் எளிது. வாசிப்புக்கு நடுவே அவரே பெயர் சொல்லிக் குரல் கொடுப்பார். 1936இல் பதிவான ‘ஸ்டீல் கிட்டார் ராக்’கில் அவர் கூப்பிடும் லியான், லியான் மெக்காலிஃப். மற்ற குழுக்களில் இந்த வசதி பெரும்பாலும் கிடையாது.

சரி, அங்கே என்ன செய்வது? கருவியையே கவனிக்க வேண்டும். கிட்டாரைப் படுக்கப் போட்டு, கம்பிகள் மேல் ஓர் உருக்குத் துண்டை நகர்த்தி வாசிக்கிறார்கள். விரல்கள் மாதிரி கம்பிக்கு ஓரிடம் என்று அந்தத் துண்டால் பிரிந்து அழுத்த முடியாது. நேராக வைத்தால் எல்லாக் கம்பிகளின் சுருதியும் ஒரே அளவில் ஏறும், ஒரே அளவில் இறங்கும். அதனால் ச-க-ப என்று சுருதி கூட்டிய கிட்டாரில் துண்டு எங்கே போனாலும் அதே மேஜர் கார்டுதான் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டு) வரும். கூடவே தைவதத்தையும் சேர்த்துக் கூட்டியவருக்கு ஜாஸின் வாசனை கைக்கு எட்டிவிடும். துண்டைச் சாய்த்துப் பிடித்து வேறு கார்டுகளும் எடுக்கலாம். ஆனால் அப்போது இரண்டு மூன்று கம்பிகள்தான் சுத்தமாகப் பேசும். ஆக, நான்கு சுரம் கொண்ட கார்டு ஒன்று பிசிறில்லாமல் வழுக்கிப் போனால், அவர் சுருதி கூட்டிய விதம் ஏறக்குறைய பிடிபட்டுவிடும். அந்த விதம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ஆளைத் தேட அது உதவும்.

இன்னொரு தடயம் வெறுங்கம்பி. துண்டை அசைத்துத்தான் நடுக்கம் கொடுக்கிறார்கள் என்பதால், துண்டு படாத கம்பி ஆடாமல் நேராக ஒலிக்கும். அது எந்தச் சுரம் என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே எச்சரிக்கை: பழைய தட்டை இன்றைய பதிவாக மாற்றும்போது வேகம் 6 சதவீதம் பிசகினாலே சுருதி அரைச் சுரம் தள்ளிப்போய்விடும்.

அப்புறம் ஆளின் கை. மில்டன் பிரவுன் குழுவுக்காக 1935 ஜனவரியில் சிகாகோவில் பாப் டன் வாசித்ததைக் கேளுங்கள். ஹவாய் பாணி இழுப்பு குறைவு. டிராம்போன் ஊதுவது போல வெட்டி வெட்டி வரும் சொற்றொடர்கள். வில்ஸ் குழுவில் வாசித்த நோயல் பாக்ஸ் என்றால் அடர்த்தியான கார்டுகள். ஸ்பேட் கூலி குழுவின் வாக்கீன் மர்ஃபியோ ஒற்றைச் சுரங்களைக் கோத்துக்கொண்டு பாய்வார். கார்டு அப்படியே நிற்க, உள்ளே ஒரு சுரம் மட்டும் நகர்ந்தால் பெடலாக, அதாவது காலால் மிதித்துக் கம்பியின் சுருதியை மாற்றும் மிதியாக, இருக்கலாம். ஸ்பீடி வெஸ்ட் என்ற கலைஞர், கருவி செய்பவரான பிக்ஸ்பியின் பெடல் கிட்டாரை வாங்கியது 1948இல். 1938 என்று குறித்த பதிவில் அந்த ஒலி கேட்டால் ஆண்டைச் சந்தேகியுங்கள்.

இசைக் கலைஞர் சங்கத்தின் ஊதியத் தாள்களும், தட்டில் பள்ளம் முடியும் இடத்தில் பொறித்த எண்ணும் துணைக்கு உண்டு. என்றாலும் 1946இல் வில்ஸ் குழுவில் பாக்ஸும் வாசித்தார், அவருக்குப் பின் வந்த ஹெர்ப் ரெமிங்டனும் வாசித்தார். அந்த ஆண்டுப் பதிவில் வில்ஸ் பெயர் சொல்லாத இடம் வந்தால், நான் முதலில் வெறுங்கம்பியைத்தான் தேடுவேன்.