லட்ச ரூபாய் கிட்டாரை வாங்கும் முன் உள்ளே எட்டிப் பாருங்கள்

சென்னையில் கிட்டார் பழுது பார்ப்பதும் செட்டப் செய்வதும் என் தொழில். பட்டறைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது, "அண்ணா, மார்ட்டின் நல்லதா, டெய்லர் நல்லதா?" இப்போது காலிங்ஸ், லோடன் என்ற பெயர்களும் சேர்ந்துவிட்டன. இவ்வளவு பணம் போடப் போகிறவர் நாலு பேரிடம் கேட்பது நியாயம்தான். ஆனால் பெயரை மட்டும் வைத்துக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம், சில சமயம் இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரிது.

மார்ட்டினையே எடுத்துக்கொள்வோம். டி-18, டி-28 இரண்டும் ஒரே உடல், ஒரே 25.4 அங்குல ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்), இரண்டுக்கும் ஸ்ப்ரூஸ் மேல்பலகை. டி-18-ல் முதுகும் பக்கமும் மஹோகனி; டி-28-ல் ரோஸ்வுட். டி-18 பட்டென்று பேசும், ஒவ்வொரு சுரமும் தனியாகக் காதில் விழும். டி-28-ல் அடிக்கம்பிகள் கும்மென்று முழங்கும், கார்வை நீளும். எல்லாம் மரத்தின் மகிமை என்று கடையில் சொல்வார்கள். விளக்கை அடித்து உள்ளே பார்த்தால் கதை வேறு. இப்போது வரும் டி-18-ல் மேல்பலகையைத் தாங்கும் சட்டங்களை நடுநடுவே செதுக்கி மெலிய விட்டிருப்பார்கள். 2017-ல் மாற்றியமைத்த டி-28-ல் அந்தச் செதுக்கல் கிடையாது. ஆக, காதில் விழும் வித்தியாசத்தில் மரத்துக்கு எவ்வளவு பங்கு, சட்டத்துக்கு எவ்வளவு பங்கு என்று யார் பிரித்துச் சொல்வது?

இந்தச் சட்டங்களைத்தான் பிரேசிங் என்கிறோம். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ இழுவிசையில் இழுக்கின்றன. மேல்பலகையோ மூன்று மில்லிமீட்டர்கூடத் தேறாது. சட்டம் தடித்தால் பலகை அதிராது. மெலிந்தால் நாதம் திறக்கும், ஆனால் பலகை வயிறு தள்ளும். மார்ட்டின் 1840-களிலேயே எக்ஸ் வடிவச் சட்டத்துக்கு வந்துவிட்டது. கனமான கம்பிகளின் இழுப்புக்கு ஈடுகொடுக்க 1944-ல் செதுக்குவதை நிறுத்தியது. 1976-ல் எச்டி-28 வந்தபோது அது திரும்பி வந்தது.

ரோஸ்வுட் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1969 வாக்கில் பிரேசில் ரோஸ்வுட் தட்டுப்பாடு வந்ததும் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான். பிரேசில் மரம் 1992-ல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்குப் போனது. அன்றிலிருந்து அந்தப் பெயருக்கே தனி விலை. 2018-ல் வெளிவந்த லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், முதுகு மரம் மட்டும் மாறுபட்ட ஆறு கிட்டார்களை 52 பேரிடம் எது எது என்று கண்ணுக்குத் தெரியாதபடி வாசிக்கக் கொடுத்தார்கள். மதிப்பெண்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. பிரேசில் மரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறீர்கள் என்றால் அழகுக்கும் அபூர்வத்துக்கும் கொடுக்கிறீர்கள். அதில் தவறில்லை, தெரிந்து கொடுங்கள்.

கிப்சன் ஜே-45 வேறு ரகம். 1942-ல் வந்த மாடல். சரிந்த தோள், 24.75 அங்குலக் குட்டை ஸ்கேல். கம்பியின் இறுக்கம் குறைவு, அதனால் விரலுக்கு இதம். நாதம் பட்டென்று எழுந்து சீக்கிரம் அடங்கும். பாடிக்கொண்டே வாசிக்கிறவருக்கு அதுதான் வசதி, குரலுக்கு இடம் விடும். டெய்லர் 1974-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது. அவர்களின் ஒலி பளிச்சென்று, எல்லாக் கம்பியிலும் சமமாக இருக்கும். 2018 முதல் பல மாடல்களில் எக்ஸை விட்டு வி வடிவச் சட்டத்துக்கு வந்தார்கள். பழுது பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குப் பிடித்தது அவர்களின் நெக் (கிட்டாரின் கழுத்து) இணைப்பு. போல்ட்டைக் கழற்றி, மெல்லிய துண்டை மாற்றிப் போட்டால் நெக்கின் கோணம் நிமிடங்களில் சரியாகிவிடும். பழைய முறையில் ஒட்டிய நெக் என்றால் ஆவி பிடித்துத்தான் கழற்ற வேண்டும். நாள்கணக்கில் வேலை, ஆயிரக்கணக்கில் செலவு. வட அயர்லாந்தின் லோடனில், மேல்பலகையில் கம்பிகள் வந்து சேரும் கட்டையான பிரிட்ஜில் கம்பியைப் பிடிக்கும் ஆணிகளே கிடையாது; அதன் மேல் கம்பி உட்காரும் பட்டையான சாடில் இரண்டு துண்டாக இருக்கும். விரலால் மீட்டுகிறவர்களுக்கென்றே செய்தது போன்ற ஒலி.

சரி, டெக்சாஸின் காலிங்ஸ், கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ், மெயினின் பூர்ஷ்வா போன்ற சின்னப் பட்டறைகளுக்கு இவ்வளவு விலை ஏன்? ஒரே மரத்திலிருந்து அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே விறைப்போடு இருக்காது. பெரிய தொழிற்சாலை பொதுவாக மாடலுக்கு ஒரு தடிமன் வைத்துக்கொண்டு எல்லாப் பலகையையும் அதற்கே இழைக்கும். இவர்கள் பலகையை ஓரமாகப் பிடித்து, விரல் முட்டியால் தட்டி, வளைத்துப் பார்த்து, அந்தப் பலகைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு இழைப்பார்கள். சட்டத்தையும் அப்படியே செதுக்குவார்கள். கூடுதல் விலையில் பெரும்பங்கு இந்த நேரத்துக்குத்தான் போகிறது. அதே தரத்தில் நூற்றுக்கு நூறு கிடைக்கும் என்று தொழிற்சாலைக் கிட்டாரில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அங்கேயும் அபாரமான ஒன்று கிடைப்பதுண்டு, தேடுகிறவருக்கு.

கடைக்குப் போகும்போது செல்போன் விளக்கும் ஒரு சின்னக் கண்ணாடியும் போதும். சட்டங்களின் முனை, பலகையும் பக்கமும் சேரும் இடத்தில் உள்ளே ஓடும் ஓரப்பட்டைக்குள் ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறதா, பசை வழிந்து காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்ஜின் பின் ஓரத்தில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் ஒட்டு விட்டிருக்கிறது. செகண்ட் ஹேண்ட் என்றால் சாடில் பிரிட்ஜுக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது முக்கியம். ஆக்‌ஷன் (நெக்கிலிருந்து கம்பி நிற்கும் உயரம்) கூடுதலாக இருந்தும் சாடில் மேலும் ராவ இடமில்லாமல் ஏறக்குறைய தேய்ந்து போயிருந்தால், நெக் கழற்றும் செலவு வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

எந்தப் பெயரை வாங்கினாலும் சென்னை வெயிலும் ஈரமும் அதைச் சோதிக்கும். இவை பெரும்பாலும் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் செய்யப்படுபவை. நம் ஊரில் மழைக்காலத்தில் 80 சர்வசாதாரணம். ஒரு வாடிக்கையாளர் விலை உயர்ந்த கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். நவம்பர் மழையில் மேல்பலகை உப்பி ஆக்‌ஷன் ஏறியிருக்கிறது. வேறொரு இடத்தில் சாடிலை ராவிக் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரலில் இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் பலகை காய்ந்து இறங்க, எல்லாக் கம்பியும் ஃப்ரெட்டில் (நெக்கின் மேல் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில்) மோதி இரைச்சல். கிட்டாரில் ஒரு குறையும் இல்லை. புது சாடில் வெட்டிப் போட்டேன், அவ்வளவுதான். ஈரமானி ஒன்று சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. கேஸுக்குள் வைத்து, கூடவே ஈரத்தை எடுக்கவும் விடவும் செய்யும் பாக்கெட்டைப் போட்டு, வாசிக்காத நேரத்தில் கேஸை மூடி வையுங்கள். ஸ்டாண்டில் நிறுத்தினால் அழகுதான், ஆனால் வேண்டாம்.

வாரண்டி பற்றியும் விசாரியுங்கள். பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் செல்லும். வெப்பம், ஈரத்தால் வரும் சேதத்துக்குக் கிடையாது. அமெரிக்காவிலிருந்து மச்சான் கையோடு கொண்டுவந்தால் சுங்கவரியோடு இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். போலிகளும் சுற்றுகின்றன. மார்ட்டினில் சீரியல் எண்ணும் மாடலும் உள்ளே நெக் கட்டையில் முத்திரையாக இருக்கும். பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணைக் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்.

ஒப்பிட்டுக் கேட்கும்போது இரண்டிலும் ஒரே ரகப் புதுக் கம்பி போட்டுத் தரச் சொல்லுங்கள். துருப்பிடித்த கம்பி போட்ட ஐந்து லட்சம், புதுக் கம்பி போட்ட ஐம்பதாயிரத்திடம் தோற்கும். கம்பி மாற்ற மாட்டேன் என்கிற கடையில் இவ்வளவு பெரிய தொகைக்கு வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.