அயன் மட்டையின் அடியைப் பார்த்து வாங்குங்கள்

நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் கோல்ஃப் மைதானத்தில், கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஏழாம் எண் அயனை (அயன் என்பது இரும்புத் தலை மட்டை; எண் கூடக்கூட அது பந்தை அனுப்பும் தூரம் குறையும்) பையிலிருந்து உருவும்போது, மட்டைப் பையைச் சுமந்து கூட வரும் கெடி “சேர், இங்க எட்டே போதும்” என்று தடுப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பழக்கத்தில் வந்த அந்தச் சொல்லுக்குப் பின்னால் சரியான பௌதிகவியல் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள வளியின் அடர்த்தி, அங்குள்ள குளிரைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும்கூட, கொழும்பு வளியின் அடர்த்தியைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாகும்; தடை குறைவதால் பந்து அதிக தூரம் போகும். புதிய அயன் மட்டைகளைத் தேடும்போது இந்த உயரத்தையும், இங்குள்ள ஈரப் புல்லையும், சரிந்த நிலத்தையும் மறந்துவிடலாகாது என்பதைப் பழைய பிளேட் மட்டைகளை (பின்புறம் குடையப்படாத மெல்லிய தலை கொண்டவை) மாற்றப் புறப்பட்டபோதுதான் நான் உணர்ந்தேன். என் ஹண்டிகாப், அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் எண், 28; இது குறையக் குறையத் திறமை கூடுதல். என்னைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஒற்றை இலக்க ஹண்டிகாப் உடையவர்களுக்கு இவையெல்லாம் ஏற்கெனவே தெரியும்.

பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ 0.0005 செக்கன் மட்டுமே. 46 கிராம் திணிவுள்ள பந்து அந்த நேரத்துக்குள் ஓய்வு நிலையிலிருந்து செக்கனுக்கு 40 மீற்றர் வேகத்தை அடைகிறது என்று கொண்டால், அதன்மீது தொழிற்படும் சராசரி விசை ஏறத்தாழ 3,700 நியூட்டன், அதாவது 370 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். தண்டின் வழியே கைக்கு அதிர்வு வந்து சேர்வதற்குள் பந்து பறந்துவிடுகிறது. ஆகவே மோதும் கணத்தில் பிடியை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, மட்டைத் தலை ஏறக்குறைய தனித்து நிற்கும் ஓர் இரும்புத் துண்டாகவே நடந்துகொள்கிறது. பந்து அதன் திணிவு மையத்துக்கு நேராகப் படாவிட்டால் தலை முறுகும், பந்து வேகத்தை இழக்கும், திசையும் மாறும்.

இந்த முறுக்கத்தைக் குறைப்பதற்கான வழி காவுதடி சுமந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு குடங்களையும் தடியின் நடுவில் கட்டினால் தடியை எளிதாகச் சுழற்றலாம். இரு முனைகளிலும் தொங்கவிட்டால், பாரம் அதேயானாலும், அதைத் திருப்புவதற்குப் படாதபாடு படவேண்டும். திருப்புவதற்கு எதிரான இந்தப் பிடிவாதமே சடத்துவத் திருப்பம் எனப்படுகிறது. அது தூரத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், அதே திணிவை இருமடங்கு தூரத்தில் வைத்தால் நான்கு மடங்காகிறது. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், 1959இல் இந்த எண்ணத்தை, பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் மட்டையில் கொண்டுவந்து பிங் என்ற பெயரில் விற்றார். 1982இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஐ 2 அயன்கள் பின்புறம் குழிந்த மட்டைகளை உலகெங்கும் பரப்பின. நடுவில் இருந்த இரும்பைக் குடைந்தெடுத்து ஓரங்களுக்குக் கொண்டுபோவது, சுருக்கமாகச் சொன்னால், குடங்களை முனைக்கு நகர்த்துவதே.

விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான் பாடுகின்றன. அதனால் உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 270 கிராம் தலை கொண்ட இரண்டு மட்டைகளில் ஒன்றின் சடத்துவத் திருப்பம் 2,200, மற்றதனுடையது 2,900 கிராம் சதுர சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். பந்து மையத்திலிருந்து 2 சென்ரிமீற்றர் விலகிப் பட்டால், முதலாவதில் பந்தின் வேகம் ஏறத்தாழ 6.7 சதவீதமும் இரண்டாவதில் ஏறத்தாழ 5.1 சதவீதமும் குறைகிறது. தலை முறையே ஏறத்தாழ 2.4 பாகையும் 1.8 பாகையும் முறுகுகிறது. 130 மீற்றர் அடியில் இந்த வேறுபாடு சில மீற்றர்களைத் தாண்டாது. வேண்டாம் என்று தள்ளவேண்டியதல்ல, ஆனால் இதற்காக மட்டும் பெரும்பணத்தைக் கொட்டவேண்டியதில்லை என்பது என் முடிவு.

இதைவிட முக்கியம், திணிவு மையம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பது. பந்தின் ஆரை 21 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். புல்லோடு புல்லாகக் கிடக்கும் பந்தை, செங்குத்திலிருந்து 33 பாகை பின்னோக்கிச் சரிந்த மட்டை முகம் தொடும் இடம் தரையிலிருந்து ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் உயரத்தில்தான் இருக்கும். பழைய பிளேட்களின் திணிவு மையமோ அதைவிட நன்கு மேலே இருந்தது. தேர்ந்த ஆட்டக்காரர் மட்டையை மேலிருந்து கீழ்நோக்கி இறக்கி, முகத்தின் நடுவைப் பந்துக்குக் கொண்டுவந்துவிடுவார். நம்மைப் போன்றவர் பந்தைத் தூக்கிவிட முயன்று, முகத்தின் கீழ்விளிம்பால் மெலிதாகத் தட்டிவிட்டு, அது தரையோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். கனத்தை அடிப்பகுதிக்கு இறக்கிய தலை இந்த மெலிந்த அடியையும் ஓரளவுக்கு உயர்த்திவிடும்.

ஆனால் இதே தாழ்ந்த மையம் ஒரு வியாபாரத் தந்திரத்துக்கும் வழிவகுத்திருக்கிறது. பந்து எளிதாக எழும்புவதால் உற்பத்தியாளர்கள் முகத்தின் சரிவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள்; முன்பு 35 பாகையை ஒட்டியிருந்த ஏழாம் எண் அயன், இன்று தூரத்தைச் சொல்லி விற்கப்படும் தொகுதிகளில் 28 முதல் 30 பாகையில் வருகிறது. பழைய ஐந்தாம் எண்ணுக்கு ஏழு என்று முத்திரை குத்தி, “பாருங்கள், எவ்வளவு தூரம் போகிறது” என்று காட்டினால் யார்தான் மயங்கமாட்டார்? தொகுதியின் பிட்சிங் வெட்ஜ் (வெட்ஜ் என்பது குறுகிய தூரத்துக்கான, சரிவு கூடிய மட்டை) 43 பாகைக்கு இறங்கிவிட்டால், அதற்கும் 56 பாகை சாண்ட் வெட்ஜுக்கும் இடையில் விழும் 13 பாகை இடைவெளியை நிரப்ப இன்னொரு மட்டையையும் வாங்க வேண்டியிருக்கும்.

மலையகத்தில் இந்தத் தந்திரம் இரட்டிப்பாகப் பாதிக்கிறது. அடர்த்தி குறைந்த வளியில் தடை மட்டும் குறைவதில்லை. பின்சுழற்சியோடு பறக்கும் பந்தைத் தாங்கி உயர்த்தும் விசையும் அதே அளவில் குறைகிறது. எனவே பந்து அதிக தூரம் போனாலும் தாழ்வாகப் பறந்து, சாய்ந்த கோணத்தில் இறங்கி, குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் நிற்காமல் உருண்டு மறுபக்கச் சரிவில் போய் ஒளிந்துகொள்கிறது. மெதுவாக வீசுபவருக்குத் தூர ஆதாயம் இன்னும் குறைவு, ஏனெனில் வேகம் குறைந்த பந்தின் பறப்பில் வளியைவிடப் புவியீர்ப்பின் பங்கே பெரிது. ஆகவே நுவரெலியாவிலோ, அதைவிடத் தாழ்ந்த திகனவிலோ ஆடுபவர், ஏழாம் எண்ணுக்கு 32 பாகைக்குக் குறையாத சரிவுள்ள தொகுதியைத் தேடுவதே நல்லது என்று கருதுகிறேன்.

இனி, தலைப்பில் சொன்ன அடிக்கு, அதாவது மட்டைத் தலையின் அடிப்பக்கத்துக்கு வருகிறேன். மழை ஓய்ந்த காலையில் இங்குள்ள நிலம் பஞ்சுபோல் இருக்கும். பந்துக்கு ஓர் அங்குலம் முன்னதாகவே மட்டை மண்ணைத் தொட்டால், ஒடுங்கிய கூர்மையான அடியுள்ள மட்டை மண்வெட்டியைப் போல் நேரே இறங்கிவிடும், பந்தைவிட மண்கட்டியே அதிக தூரம் பறக்கும். முன்விளிம்பைவிடப் பின்பகுதி தாழ்ந்திருக்குமாறு வளைத்து அகலமாக்கிய அடி, தோட்டத்தில் களையெடுக்கும் சுரண்டியைப் போல் மேற்பரப்பில் வழுக்கிச் செல்லும். அந்தத் தாழ்வைத்தான் பௌன்ஸ் என்கிறார்கள். மையம் தவறிய வீச்சு சில மீற்றர்களைத்தான் பறிக்கும்; மண்ணில் புதைந்த வீச்சோ பாதித் தூரத்தையே விழுங்கிவிடும். அதனால்தான் குழிந்த முதுகைவிட அகன்ற அடியையே நான் முன்னால் வைக்கிறேன். காய்ந்து இறுகிய தரையில் இதே அடி துள்ளிப் பந்தின் நடுவில் மோதக்கூடும் என்பது உண்மைதான், ஆயினும் இங்கே அப்படிப்பட்ட தரை கிடைக்கும் நாட்கள் குறைவு.

பந்து நேராகப் போவதற்காகத் தண்டு தரையோடு அமைக்கும் கோணத்தை அளந்து ஒன்றிரண்டு பாகை வளைத்துத் தருகிறோம் என்பார்கள், செய்துகொள்ளலாம். எனினும் 5 பாகை பக்கச் சரிவில் பந்து காலைவிட மேலே கிடந்தால், 33 பாகை முகம் வலக்கைக்காரருக்கு ஏறத்தாழ 3 பாகை இடப்பக்கம் பார்க்கும். 120 மீற்றர் தொலைவில் அது ஏறத்தாழ 7 மீற்றர். அந்தத் தவறை எந்தப் பட்டறையும் திருத்தாது, குறியை வலப்பக்கம் தள்ளிவைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். தண்டைப் பொறுத்தவரை, ஏற்றமும் இறக்கமுமாகப் பதினெட்டுக் குழிகளை நடந்து முடிப்பவருக்கு 120 கிராம் உருக்கைவிட 70 கிராம் அளவிலான கிராஃபைட் உடலுக்கு இதம், விலைதான் கூடுதல்.

கடைகளில் செயற்கைப் பாயின்மீது வைத்து அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். பாயில் எந்த அடியும் வழுக்கும், மண்வெட்டியும் சுரண்டியும் அங்கே ஒன்றுதான். ஆகையால் தெரிவுசெய்த இரண்டு மூன்று மட்டைகளை யாரிடமாவது இரவல் வாங்கியாவது, பனி இன்னும் காயாத ஒரு காலை வேளையில் உண்மையான புல்லின்மீது அடித்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.