கொத்துக்கறிக்குள் கிருமி எப்படிப் போகிறது

நோயில்லாத ஆட்டின் சதைக்குள் கிருமி ஏறக்குறைய கிடையாது. அது இருப்பது தோலிலும் குடலிலும்தான். மேலப்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் தொங்குகிற தொடைக்கறியும் அப்படித்தான், உள்ளே சுத்தமாகவே இருக்கும். தோலை உரிக்கும்போது அதன் வெளிப்புறம் சதையில் பட்டாலோ, குடலை எடுக்கும்போது கத்தி நுனி அதைக் கிழித்துவிட்டாலோ, சாணத்தில் இருக்கிற ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவை கறிமேல் ஏறிக்கொள்ளும். அப்போதும் அவை மேற்பரப்போடு சரி. துண்டு போட்டுக் குழம்பில் கொதிக்கவிட்டால் முதலில் சூடாவது அந்த மேற்பரப்புதான் என்பதால் பெரும்பாலும் செத்துவிடும்.

அதே தொடையை அரைவை மெஷினில் போட்டால் கதை மாறிவிடுகிறது. வெளியே இருந்ததெல்லாம் உள்ளே போய்க் கலந்துவிடும். நம்ம ஊர்க் கடையில் ஒரு ஆட்டுக் கறியை அரைத்தால் அதில் இருப்பது பெரும்பாலும் அந்த ஒரு ஆட்டின் கிருமிதான். அமெரிக்காவின் பெரிய மாட்டிறைச்சி ஆலைகளில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மாடுகள் அறுக்கப்படுகின்றன. வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அரைப்பதால், ஒரு பர்கர் உருண்டையில் பல மாடுகளின் கறி இருக்கும். அதில் ஒரு மாடு அசுத்தப்பட்டிருந்தாலும் போதும், அந்தத் தொகுதி முழுக்கச் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்.

1993இல் இதுதான் நடந்தது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஜாக் இன் தி பாக்ஸ் என்ற உணவகச் சங்கிலியில் சரியாக வேகாத பர்கரால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். காரணம் ஈ.கோலை ஓ157:எச்7 என்ற வகை. மாட்டின் குடலில் அது பேசாமல் இருக்கும், மாட்டுக்கு நோய் வராது, அதனால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. மனிதரிடம் வந்தால் அது சுரக்கும் நஞ்சு இரத்தக்குழாய்களைத் தாக்கி, சின்னக் குழந்தைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைத்துவிடும். நூறு கிருமிக்கும் குறைவாக உள்ளே போனாலே நோய் வரலாம் என்பது இதில் கொடுமையான விஷயம். மறு வருஷமே, இந்தக் கிருமி உள்ள பச்சைக் கொத்துக்கறியை அமெரிக்க அரசு கலப்படப் பொருளாக, அதாவது விற்கக் கூடாததாக, அறிவித்தது.

சரி, ஆலையிலேயே எல்லாவற்றையும் சோதித்துவிட்டால் என்ன? முடியாது. சோதித்த துண்டை விற்க முடியாது என்பதால் மாதிரி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே ஒரு தொகுதியிலிருந்து 60 துண்டு எடுத்துப் பார்க்கிற வழக்கம் உண்டு. நூற்றுக்கு ஐந்து துண்டில் கிருமி இருந்தால், 60 துண்டிலும் ஒன்றுகூடச் சிக்காமல் போக வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியானால் சோதனை பிடித்துவிடும். ஆனால் ஆயிரத்தில் ஒரு துண்டில் மட்டும் இருந்தால், ஒன்றும் சிக்காமல் போக வாய்ப்பு சுமார் 94 சதவீதம். ‘சோதித்தோம், ஒன்றுமில்லை’ என்ற அறிக்கையை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பேன்.

அதனால்தான் கடைசியில் சோதிப்பதை நம்பாமல் வழியிலேயே தடுக்கிற முறை வந்தது. 1960களில் விண்வெளி வீரர்களுக்கான சாப்பாட்டுக்காக நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது அது, ஹாசப் என்று சொல்வார்கள். எந்தெந்த இடத்தில் தவறு நடக்கலாம் என்று முதலிலேயே கண்டுபிடித்து, அங்கே ஒரு எல்லையை வைத்து, தாண்டுகிறதா என்று ஓயாமல் பார்ப்பதுதான் அதன் சாரம். 1996இல் அமெரிக்க இறைச்சி ஆலைகளுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். தோலை உரித்ததும் உடலை நீராவியாலோ லாக்டிக் அமிலத்தாலோ கழுவுவது, குடலைக் கட்டிவிட்டு எடுப்பது, கத்தியை அடிக்கடி சுடுநீரில் முக்குவது எல்லாம் அந்த வரிசையில் வருகிறவை. இவற்றோடு முக்கியமானது குளிர். அறுத்த உடலைக் குளிரூட்டி, கடைக்குப் போகும்வரை அந்தக் குளிர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வார்கள். அதற்கும் ஒரு ஓட்டை உண்டு. லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரும், வடிகால், வெட்டும் மெஷினின் இடுக்கு என்று ஒட்டிக்கொண்டு மாசக்கணக்கில் இருக்கும். 2017-18இல் தென்னாப்பிரிக்காவில் போலோனி என்ற சமைத்த இறைச்சி வகையால் 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இதனால்தான்.

நம்ம பக்கம் பழைய ஏற்பாடு வேறு. விடியற்காலையில் அறுப்பு, பத்து மணிக்குள் விற்பனை, மதியத்துக்குள் குழம்பு. கடையில் குளிர்ப்பெட்டி இல்லாவிட்டாலும் கிருமி பெருக அதிக நேரம் கிடைக்காது. திருநெல்வேலி வெயிலில் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டு மடங்காகிற கிருமிக்கு, ஆறு மணி நேரம் கொடுத்தால் ஒன்று இரண்டு லட்சத்துக்கும் மேலாகிவிடும். அந்தக் காலையின் அவசரம்தான் நம்மைக் காப்பாற்றியிருக்கிறது.

இப்போது அவசரம் போய்விட்டது, குளிர் முழுசாக வரவில்லை. எனக்குக் கவலை இங்கேதான். பிராய்லர் கடையில் ஆலையைப் போலவே ரப்பர் விரல் வைத்த டிரம்மில் கோழியின் இறகைப் பறிக்கிறோம். ஒரு கோழியின் சாணம் அந்த ரப்பர் விரல்கள் வழியே அடுத்த கோழிக்கும் போகும். ஆலையில் அதற்குப் பிறகு குளிர்நீர்த் தொட்டி இருக்கிறது, கடையில் அதே மரக்கட்டை, அதே துணி. கடைகளில் உறைய வைத்த கீமாவும் நக்கெட்டும் வந்துவிட்டன. உறைய வைத்தால் கிருமி சாகாது, தூங்கும். ஒரு நீண்ட மின்வெட்டில் கரைந்து மறுபடி உறைந்த பாக்கெட், பார்க்க முன்னைப் போலவே இருக்கும்.

மூக்கையும் நம்ப முடியாது. கறியைக் கெட்டுப்போக வைத்து வாடை தருகிற கிருமிகள் வேறு, நோய் தருகிறவை வேறு. மஞ்சள் தடவுவதும் எலுமிச்சை பிழிவதும் மணத்துக்கு நல்லது, கிருமியைக் கொல்லாது. கோழியைக் குழாயடியில் போட்டுக் கழுவுவதையும் விட்டுவிடலாம், தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயத்தில்தான் விழும். அந்த வெங்காயம் அடுப்பைப் பார்க்காமலே இலைக்கு வந்துவிடுகிறது.

கீமாவைக் குழம்பாக வைத்தால் பிரச்சினை இல்லை, கொதித்துவிடும். தடிமனான கட்லெட்டும் பர்கரும்தான் ஏமாற்றும். வெளியே கறுகினாலும் நடுப்பகுதி வேகாமல் இருக்கலாம், உள்ளே பழுப்பாகிவிட்டது என்பதும் வெந்ததற்கு அடையாளமில்லை. ஆட்டுக் கொத்துக்கறிக்கும் மாட்டுக் கொத்துக்கறிக்கும் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும், கோழிக்கு 74. குத்திப் பார்க்கிற வெப்பமானி பாத்திரக் கடைகளில் கிடைக்காவிட்டாலும் ஆன்லைனில் கிடைக்கிறது.