ஈஸ்போர்ட்ஸ்: மின்னாட்டம்

2025 ஜூனில் டொரோண்டோவில், வேலரண்ட் என்ற கணினியில் சுட்டு ஆடும் ஆட்டத்தின் உலகப் போட்டியில் சிங்கப்பூரின் பேப்பர் ரெக்ஸ் அணி கோப்பையை வென்ற மறுநாள், ஒரு தமிழ்ச் செய்தியில் “இணைய விளையாட்டில் சிங்கப்பூர் அணி சாதனை” என்று வாசித்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, “ரம்மியா? அதைத்தான் தடை பண்ணிட்டாங்களே?” என்று கேட்டார். அவர் மேல் பிழையில்லை. தமிழ்நாட்டில் 2022இல் வந்த சூதாட்டத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே ‘இணையவழி விளையாட்டுகள்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டால் ரம்மியும், கடன்பட்ட குடும்பமும்தான் நினைவுக்கு வரும்.

ஈஸ்போர்ட்ஸ் எனப்படும் கணினி, கைபேசி ஆட்டப் போட்டிகளுக்கு ‘இணைய விளையாட்டு’ என்ற மொழிபெயர்ப்பை நான் கேட்பது இது எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை. எழுதிவிடலாம் என்று தோன்றியது இந்தத் தடவைதான்.

முதலில் சொல்லின் கதை. ஈஸ்போர்ட்ஸ் என்பது ‘எலெக்ட்ரானிக் ஸ்போர்ட்ஸ்’ என்பதன் சுருக்கம். 1990களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்தது. ஸ்போர்ட் என்ற சொல் பொழுதுபோக்கு என்னும் பொருளில் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பிறகு ஆங்கிலம் அதைப் பயிற்சியும் விதியும் வெற்றி தோல்வியும் உள்ள போட்டிகளுக்கென்று ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைக் ‘கேம்’, ‘ப்ளே’ என்று பிரித்துக்கொண்டது. நம்மிடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ‘விளையாட்டு’. சிக்கல் தொடங்குவது இங்கேதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

‘இணைய விளையாட்டு’ ஏன் தவறு? டொரோண்டோ இறுதியாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மேடையில் இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், எதிரே ஆர்ப்பரிக்கும் கூட்டம். கணினிகளை இணைப்பது அரங்குக்குள்ளேயே இழுத்த கம்பி. இணையத்தில் ஆடினால் ஒருவருடைய கட்டளை மற்றவருடையதைவிட நொடியில் சிறு பங்கு தாமதமாகப் போய்ச் சேரும். சுடுவதா சாவதா என்பது அந்தச் சிறு பங்கில்தான் முடிவாகிறது. அந்தத் தாமதத்தைத் தவிர்க்கத்தான் விமானம் ஏற்றி எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவருகிறார்கள். இணையம் வேண்டாம் என்று இவ்வளவு செலவு செய்து நடத்தும் போட்டிக்கு ‘இணைய விளையாட்டு’ என்று பெயர்! இணையத்தில் இருப்பவர்கள் வீட்டிலிருந்து வேடிக்கை பார்க்கிறவர்கள். அந்தக் கணக்கில் விம்பிள்டனும் இணைய விளையாட்டுதான்.

அரசுகள்கூட இதைப் பிரித்துவிட்டன. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்கிறது. அதே சட்டம் ஈஸ்போர்ட்ஸை வளர்க்கச் சொல்கிறது. அந்தச் செய்தியைத் தமிழாக்கும்போது இரண்டுக்கும் ‘இணைய விளையாட்டு’ என்றே போட்டால், ஒன்றைத் தடுத்து அதையே வளர்க்கும் விசித்திரச் சட்டமாகிவிடும்.

அடுத்த போட்டியாளர் ‘மின் விளையாட்டு’. இது அவ்வளவு மோசமில்லை. மின்னஞ்சல், மின்னூல் என்று பழகிய வழிதான். ஆனால் ‘மின்’ நம் ஊரில் இன்னும் மின்வெட்டு, மின்கட்டணம் பக்கமும் வேலை பார்க்கிறது. மதுரைப் பக்கம் பேருந்தில் போனால் சுவருக்குச் சுவர் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று எழுதியிருக்கும். விளக்குக் கம்பம் நட்டு இரவில் நடத்தும் கபடி அது. ‘மின் விளையாட்டுப் போட்டி’ என்று தனித்தனியாக எழுதினால், டியூப் லைட்டும் புழுதியும்தான் எனக்குக் கண்ணில் வருகின்றன. (நல்ல கபடி அது, குறை சொல்லவில்லை.)

என் பெரிய வருத்தம் ‘மின்’ மேல் அல்ல, பின்னால் வரும் ‘விளையாட்டு’ மேல். தொல்காப்பியம் உவகை பிறக்கும் இடங்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்று நான்கைச் சொல்கிறது. அந்தப் பொருள் இன்னும் நம் வாயில் இருக்கிறது: “விளையாட்டுக்குச் சொன்னேன்”, “விளையாட்டுப் பிள்ளை”. கபடிக்கும் கால்பந்துக்கும் இது பிரச்சினையில்லை; வியர்வை தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்து விசைப்பலகை தட்டுகிறவருக்கு ‘விளையாட்டு’ என்றால், பையன் படிக்காமல் விளையாடுகிறான் என்ற பொருள்தான் ஏறும்.

பேப்பர் ரெக்ஸின் கதையைப் பார்த்தால் அது எவ்வளவு பொருந்தாது என்று தெரியும். 2020இல் சிங்கப்பூரில் தொடங்கிய அணி. 2022இல் கோபன்ஹேகனில் இறுதிவரை வந்து 3-2 என்று தோற்றது. 2023இல் பசிபிக் லீக்கை வென்று, லாஸ் ஏஞ்சலஸில் உலகப் போட்டி இறுதியில் 3-1 என்று மறுபடி தோற்றது. வேலரண்டில் தென்கிழக்காசியா என்றாலே கொரியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அடுத்த வரிசை என்று இருந்த காலம். அதை மாற்றியது அவர்கள் ஆடிய விதம். பதுங்கிக் காத்திருக்க வேண்டிய இடத்தில் முன்னே ஓட வைக்கும் டபிள்யூ விசையை அழுத்திக்கொண்டே எதிரியின் மேல் போய் விழுவார்கள். அந்த விசையை வைத்தே அந்தப் பாணிக்குப் பெயரும் வந்தது. கடைசியில் டொரோண்டோவில் ஃபினாட்டிக் அணியை 3-1 என வீழ்த்தினார்கள். தென்கிழக்காசிய அணி ஒன்று வேலரண்ட் உலகக் கோப்பைகளில் ஒன்றைத் தூக்கியது அதுவே முதல்முறை. மேடையில் நின்ற ஐவரும் ஐந்து நாட்டார்: சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ரஷ்யா.

சரி, என்ன சொல்லலாம்? மின்னாட்டம். தமிழில் போட்டியைப் பற்றிப் பேசும்போது நாம் ஏற்கெனவே ‘ஆட்டம்’ என்றுதான் சொல்கிறோம்: இறுதியாட்டம், ஆட்டநாயகன், ஆட்டமிழந்தார். ‘இறுதி விளையாட்டு’ என்று யாரும் சொல்வதில்லை. ‘மின்’ இங்கே ஒட்டிப் புணர்ந்துவிடுவதால் மின்னொளிக் குழப்பமும் குறைகிறது. மின்னாட்ட அணி, மின்னாட்டக்காரர், மின்னாட்டப் பயிற்றுநர் என்று கிளைக்கவும் செய்யும். ‘மின் விளையாட்டு வீரர்’ என்று மூச்சு வாங்க வேண்டாம்.

நண்பர் ஒருவர் “சூதாட்டத்திலும் ஆட்டம் இருக்கிறதே” என்றார். இருக்கிறது, சதுரங்க ஆட்டத்திலும் இருக்கிறது. சூதாட்டத்தில் கெட்டது சூது. இன்னொருவர் ‘கணினியாட்டம்’ என்றார். சரியான சொல்தான், ஆனால் கைபேசியில் ஆடும் மொபைல் லெஜண்ட்ஸுக்கு அது ஒட்டாது. ஈஸ்போர்ட்ஸ் என்றே தமிழில் எழுதினால் என்ன என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. இணைய விளையாட்டு என்று தமிழ்போல் எழுதித் தப்பாகச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம், வேலரண்ட் எந்த வகை ஆட்டம் என்று விளக்கப்போய் இன்னொரு செய்தியில் “துப்பாக்கி சுடும் போட்டியில் சிங்கப்பூர் அணிக்குக் கோப்பை” என்று எழுதியிருந்தார்கள். துப்பாக்கி சுடுதல் ஒலிம்பிக்கில் 1896 முதல் இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘சுடும் வகை மின்னாட்டம்’ என்று நான் எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. இதைவிடக் குட்டையாக யாரிடமாவது இருந்தால் வாங்கிக்கொள்கிறேன்.