உப்பு பூத்த சுவரும் ஒரு வேலைவாய்ப்பும்

போன மாதம் ஒரு அப்பா போனில் கேட்டார்: "பொண்ணு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சிருக்கா. கோயில், சிலைன்னா உயிரா இருக்கா. பழசைப் பாதுகாக்கிற படிப்பாமே, வேலை கிடைக்குமா சார்?"

கிடைக்கும். ஆனால் அது என்ன வேலை என்பதைச் சுவரைக் காட்டித்தான் சொல்ல முடிகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய செங்கல் மண்டபத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். திருப்பணி முடிந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை. சுவரின் அடிப்பகுதியில் வழவழவென்று சிமென்ட் பூச்சு. அது முடிகிற இடத்துக்கு மேலே ஒரு முழத்துக்கு வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. விரலால் தடவினேன், செங்கல் மாவாக உதிர்ந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சில் தானாக ஆவியாகிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட, ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்பையும் தூக்கிக்கொண்டு போய், வெளியேறும் இடத்தில் விட்டுவிடுகிறது. உப்பு படிகமாகும்போது செங்கலை உள்ளிருந்தே நொறுக்கும். கூட வந்த கொத்தனார் சொன்னார்: "சுண்ணாம்புன்னா சுவரு மூச்சு விடும் சார். இதுக்கு மூக்கைப் பொத்திட்டாங்க."

பூசியவர் மேல் தப்பில்லை. எஸ்டிமேட்டில் சிமென்ட் என்றுதான் எழுதியிருந்தது. நான் பார்த்தவரை, பழைய கட்டடம் சைட்டில் கெடுவதைவிட மேஜையில் கெடுவதுதான் அதிகம். கருங்கல்லில் மணலைப் பீய்ச்சி அழுக்கெடுக்கும் வேலையும் அப்படித்தான், முதலில் காகிதத்தில் ஒரு வரியாக வருகிறது; பிறகு அழுக்கோடு கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் போய்விடுகிறது. சுவரைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்த மேஜையில் உட்கார வேண்டும். இந்தத் துறையில் 'மேலாண்மை' என்று சொல்வதில் பாதி இதுதான்.

வேதியியல்காரர்களுக்கு இங்கே பழைய மரியாதை உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பது 1931-ல் தெரியவந்தது. பின்னாளில் மேலடுக்கைச் சிதையாமல் பெயர்த்துத் தனியே பதித்து, இரண்டையும் காப்பாற்றியவர்கள் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர். செப்புத் திருமேனியில் பச்சைப் பொடியாகக் கிளம்பும் குளோரைடு நோயைக் கண்டுபிடிப்பதும் இவர்கள் வேலைதான். எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆய்வகம் 1930-களிலிருந்தே இதைச் செய்துவருகிறது. லக்னோவில் இதற்கென்றே தேசிய ஆய்வகம் இருக்கிறது. கட்டடக்கலை படித்தவர்கள் டெல்லியில் எஸ்.பி.ஏ. என்கிற திட்டமிடல், கட்டடக்கலைக் கல்லூரியில் பழைய கட்டடப் பாதுகாப்புப் பிரிவில் முதுநிலை படிக்கலாம். வரலாறு படித்தவர்களுக்கு கிரேட்டர் நொய்டாவில் தொல்லியல் பட்டயப் படிப்பு உண்டு.

அந்த அப்பாவிடம் சம்பளத்தையும் மறைக்கவில்லை. ஆரம்பத்தில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டிவரும்.

பெண்ணை வருகிற சனிக்கிழமை சைட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சுண்ணாம்பு நீற்றிப் போட்டிருக்கிறோம். அதில் கலக்கிற கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த வாடையைத் தாங்கிவிட்டால் மேற்கொண்டு பேசலாம்.