முளைப்பாரி ஏன் மஞ்சளாக வளர்கிறது?

பங்குனி வெயிலில் ராமநாதபுரம் கரையோரத்தில் பனையும் சீமைக்கருவேலும் தவிரப் பச்சையாக அதிகம் கண்ணில் படாது. ஆனால் அம்மனுக்குக் காப்புக் கட்டிய ஊரில் ஏதாவது ஒரு வீட்டுக்குள், சாத்திய கதவுக்குப் பின்னால், ஒரு தோட்டமே வளர்ந்துகொண்டிருக்கும்: அம்மனுக்காகச் சட்டிகளில் பயறு போட்டு இருட்டில் முளைக்கவைக்கும் முளைப்பாரி. ராத்திரி ஆனால் முளைக்கொட்டுத் திண்ணையில் பெண்கள் கும்மி கொட்டுவார்கள்.

எங்கள் அப்பத்தா முத்து, அதாவது முளைக்கப்போடும் பயறு, பரப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வாயகன்ற மண்சட்டி. அடியில் வைக்கோல், அதன்மேல் மண்ணும் பொடித்த மாட்டு எருவும். முந்தின ராத்திரியே ஊறப்போட்ட தட்டப்பயறு, பாசிப்பயறு, மொச்சையை விரல் இடைவெளிகூட இல்லாமல் நெருக்கமாகப் பரப்பும். தெளிக்க ஊருணித் தண்ணிதான். வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணி, அதைத் தொடவிடாது.

அதற்குக் காரணம் இருக்கிறது. காய்ந்த பயறு தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை உறிஞ்சி உப்பினால்தான் உள்ளே நொதிகள் விழித்துக்கொண்டு, சேர்த்து வைத்த மாவையும் புரதத்தையும் கரைக்க ஆரம்பிக்கும். தண்ணீரில் உப்பு கூடினால் அது தண்ணீரைத் தன் பக்கமே பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு தண்ணி விட்டுச் சுருங்குகிறதே, அதே இழுபறிதான். விதை ஓரளவுதான் ஜெயிக்க முடியும்.

சரி, ஏன் இருட்டு? மண்ணுக்குள் முளைக்கிற விதைக்கு இருட்டு என்றால் ஒரே அர்த்தம்: 'இன்னும் மேலே வரவில்லை.' அதனால் கையிருப்பை எல்லாம் தண்டை நீட்டுவதிலேயே செலவழிக்கும். இலையை விரிக்காது, வேரையும் அதிகம் பரப்பாது. இந்தச் செய்தியைப் படிக்கச் செடிக்குள் ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் இருக்கிறது. 1959இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள். வெளிச்சம் பட்டால் அது உயிரணுவின் கருவுக்குள் போய், 'நீள், நீள்' என்று மரபணுக்களை முடுக்கும் வேறு சில புரதங்களை அழிக்கவைக்கும். இருட்டில் அந்த வேலை நடக்காது. முடுக்குகிறவற்றைத் தடுக்க ஆளில்லை. காற்றும் அசைக்காத அறை என்பதால் தண்டு தடிக்கவும் தேவையில்லை. நாலைந்து நாளில் சாண் உயரத்தைத் தொட்டுவிடும்.

ஒரு முளையைக் கிட்டத்தில் பாருங்கள். தலை நிமிர்ந்து இருக்காது, தூண்டில் முள்போல வளைந்திருக்கும். மண்ணை முட்டி மேலே வரும்போது இளம் குருத்து கிழிந்துவிடாமல் இருக்க அந்த வளைவு. அதைக் காப்பது செடியே சுரக்கும் எத்திலீன் வாயு. வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைக்கிறோமே, அங்கே புகையில் இருந்து வேலை செய்வதும் இதே எத்திலீன்தான். 1901இல் ரஷ்யாவில் நெல்யூபோவ் என்ற தாவரவியலாளர், இருட்டில் வளர்த்த பட்டாணி முளைகள் கோணிக்கொண்டு போவது ஏன் என்று தேடி, விளக்கு எரிக்கப் பயன்பட்ட வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். எத்திலீன் அதிகமானால் தண்டு குட்டையாகித் தடித்துவிடும். முளைப்பாரி அறைக்குள் அப்பத்தா அடுப்பு மூட்ட விடாது. அதை வெறும் சுத்தபத்தம் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

இனி அந்த மஞ்சள். பச்சையத்தைச் செய்யத் தேவையான மூலப்பொருளைச் செடி இருட்டிலேயே தயார் செய்து வைத்திருக்கும். ஆனால் அதைப் பச்சையமாக மாற்றுகிற நொதி, பயறுச் செடிகளில், வெளிச்சம் பட்டால்தான் இயங்கும். அதுவரை கண்ணுக்குத் தெரிவது கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமிகள் மட்டும். உணவு தயாரிக்க வழியில்லாததால் முளை விதையின் சேமிப்பையே தின்கிறது. பார்க்க எவ்வளவு உயரமாக இருந்தாலும், காயவைத்து நிறுத்தால் போட்ட பயறைவிட எடை குறைவாகவே இருக்கும். கூடியதெல்லாம் தண்ணீர்.

அதனால்தான் நாள் கணக்கு முக்கியம். ரொம்ப நாள் விட்டால் கையிருப்பு தீர்ந்து மடங்கிவிடும். எட்டு ஒன்பது நாளில் சட்டிகளை வெளியே எடுத்து, பூச்சுற்றி, தலையில் ஏந்திக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். மறுநாள் வெயிலேறக் கரைக்கக் கிளம்பும்போது பாருங்கள்: வளைந்த தலைகள் நிமிர ஆரம்பித்திருக்கும், நுனியில் லேசாகப் பச்சை ஓடியிருக்கும்.